எத்தனை நிமிடம், எத்தனை முறை? தொற்று பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

காய்ச்சல் காலம் தொடங்கிவிட்டால் வருகிற கடிதங்களில் பாதி ஒரே சந்தேகத்தைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்கின்றன: நோயாளியோடு எவ்வளவு நேரம் இருந்தால், எத்தனை தடவை சந்தித்தால் நமக்கும் ஒட்டும்? இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: கொரோனா நோயாளியின் பக்கத்தில் 15 நிமிடம் இருந்தால்தான் தொற்றும் என்று படித்தேன். 14 நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டால் தப்பித்துவிடலாமா? – வாசகர், திருச்சி

பதில்: தப்பிக்கலாம், மாட்டிக்கொள்ளவும் செய்யலாம். அந்த 15 நிமிடம் சுகாதாரத் துறையினர் வேலை நடக்க வேண்டும் என்பதற்காகப் போட்ட கோடு. ஒருவருக்கு நோய் உறுதியானதும் அவர் யார் யாரோடு இருந்தார் என்று தேடிப் பிடிக்க வேண்டும். தெருவில் எதிரே வந்தவரையெல்லாம் சேர்த்தால் பட்டியல் முடியவே முடியாது. அதனால் 6 அடிக்குள், 15 நிமிடம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் எல்லை வைத்தது. 14ஆம் நிமிடம் பாதுகாப்பு, 16ஆம் நிமிடம் ஆபத்து என்று உடம்புக்குள் எந்தக் கடிகாரமும் ஓடவில்லை.

அந்த விதியே பிறகு திருத்தப்பட்டது. காரணம், 2020 ஜூலையில் வெர்மான்ட் மாநிலச் சிறை ஒன்றில் நடந்தது. அங்கே வேலை பார்த்த 20 வயது ஊழியருக்குக் கொரோனா வந்தது. பரிசோதனை முடிவுக்காகத் தனியே வைக்கப்பட்டிருந்த ஆறு கைதிகளை அவர் சந்தித்திருந்தார். ஆறு பேருக்குமே பின்னர் தொற்று உறுதியானது. கண்காணிப்பு கேமரா பதிவை ஓட்டிப் பார்த்தால், எந்தச் சந்திப்பும் ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. அறைக் கதவைத் திறந்துவிடுவது, சாத்துவது, குளிக்கும் இடத்துக்கு அனுப்புவது, அவ்வளவுதான். ஆனால் எட்டு மணி நேர வேலையில் இப்படி 22 சந்திப்புகள். எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 17 நிமிடம். அவர் துணி முகக்கவசமும் கண்ணாடியும் மேலங்கியும் அணிந்தே இருந்தார். கைதிகள் சில நேரம் முகக்கவசம் இல்லாமல் பேசியிருக்கிறார்கள். அந்த அக்டோபரில் விதி மாறியது: தொடர்ந்து 15 நிமிடம் என்ற கணக்குப் போய், 24 மணி நேரத்தில் மொத்தமாக 15 நிமிடம் என்று வந்தது.

ஆகவே நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். காலையில் 4 நிமிடம், மதியம் 6 நிமிடம், மாலை வாசலில் நின்று 5 நிமிடம் என்றால் அதுவும் 15தான்.

கேள்வி: வங்கி கவுன்ட்டரில் இருக்கிறேன். நாளுக்கு 200 பேரைப் பார்க்கிறேன். வீட்டில் கணவர் ஒருவர்தான். எனக்கு ஆபத்து கவுன்ட்டரிலா, வீட்டிலா? – வாசகி, கும்பகோணம்

பதில்: கவுன்ட்டர் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது.

இங்கிலாந்தில் கொரோனா காலத்தில் கைபேசிச் செயலி ஒன்று, யார் யாரோடு எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்தில் இருந்தார் என்பதைப் பெயர் இல்லாமல் பதிந்துவந்தது. நோயாளியோடு தொடர்பில் இருந்ததாக எச்சரிக்கை பெற்ற 70 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்த முடிவு 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. நோயாளியோடு இருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தொற்றும் வாய்ப்பு சராசரியாக 1.1 சதவீதம் கூடியது. நேரம் நீள நீள ஏற்றம் நிற்கவில்லை, சில நாட்கள் வரை தொடர்ந்தது. பதிவானவற்றில் பெரும்பாலானவை குறுகிய சந்திப்புகள். ஆனால் தொற்றிய சம்பவங்களில் பெரும்பாலானவை ஒரு மணி நேரத்திலிருந்து பல நாள் வரை நீண்டவை. ஒரே வீட்டில் இருந்தவர்கள் மொத்தத் தொடர்புகளில் 6 சதவீதம் மட்டுமே. தொற்றுகளில் அவர்கள் பங்கு 40 சதவீதம்.

உங்கள் கவுன்ட்டருக்கு வருவோம். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் 200 நிமிடம். வருகிற நூறு பேரில் ஒருவருக்குத் தொற்று இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் நோயாளிக்கு முன் நீங்கள் உட்கார்ந்திருப்பது நாளுக்கு 2 நிமிடம். மணிக்கு 1.1 சதவீதம் என்றால் அது பத்தாயிரத்தில் நான்கு பங்குகூட இல்லை. ஆனால் நாளைக்கும் வருவார்கள், நாளை மறுநாளும் வருவார்கள். இதே நிலை ஆண்டு முழுக்க நீடித்தால் 250 வேலை நாட்களில் அது நூற்றுக்கு 9 அளவுக்கு ஏறிவிடும். அடிக்கடி நேர்கிற சின்னத் தொடர்பு சேர்ந்து பெரிதாவது இப்படித்தான்.

வீட்டிலோ, கணவருக்கு வந்துவிட்டால் நாளுக்குப் பத்து மணி நேரம் ஒரே காற்று. அதுவும் அடுத்தடுத்து நான்கைந்து நாள்.

கவுன்ட்டரையும் வீட்டையும்விட யாரும் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது: மதியச் சாப்பாடு. அதே நான்கு சக ஊழியர்கள், சின்ன அறை, முகக்கவசம் இல்லாமல், பேசிக்கொண்டே 40 நிமிடம், தினமும். அவர்களில் ஒருவருக்குத் தொற்று இருந்தால் அந்த ஒரு வேளைச் சாப்பாடு, தொற்றுள்ள 40 வாடிக்கையாளர்கள் வந்து போனதற்குச் சமம். ஊரில் காய்ச்சல் பரவும் வாரங்களில் சாப்பாட்டு மேசையை ஜன்னல் பக்கமாக நகர்த்துங்கள், அல்லது இரண்டு இரண்டு பேராகச் சாப்பிடுங்கள். கவுன்ட்டர் கண்ணாடி எதிரே இருமுபவரின் எச்சில் துளியைத் தடுக்கும். அறைக்குள் சுற்றும் காற்றைத் தடுக்காது.

கேள்வி: ஒரு சந்திப்பில் தொற்ற நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால், நூறு சந்திப்பில் கட்டாயம் தொற்றிவிடும் என்று மாணவன் சொல்கிறான். சரியா? – கணித ஆசிரியர், விருதுநகர்

பதில்: சரியில்லை. தொற்றாமல் தப்புகிற வாய்ப்பைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சந்திப்பில் தப்ப 0.99. பத்துச் சந்திப்பில் 0.99ஐப் பத்து முறை பெருக்கினால் 0.904, அதாவது தொற்றும் வாய்ப்பு 9.6 சதவீதம். 70 சந்திப்பில் அது பாதியைத் தொடும். நூறில் 63.4 சதவீதம்.

இதில் நடைமுறைக்கு உதவுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. வாய்ப்பு சிறிதாக இருக்கும்போது, சந்திப்புகளைப் பாதியாக்கினால் ஆபத்தும் ஏறக்குறைய பாதியாகும். ஏற்கெனவே 95 சதவீதத்துக்குப் போய்விட்ட இடத்தில் நேரத்தைப் பாதியாக்கினால் 78 சதவீதத்துக்குத்தான் இறங்கும். தட்டம்மை உள்ள வீட்டில் ‘கொஞ்ச நேரம்தானே’ என்ற சமாதானம் பலிக்காததற்கு இதுவே காரணம்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, இன்ஃப்ளுயன்சா காய்ச்சல். ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரே கழிப்பறை. வீட்டில் ஆறு மாதக் கர்ப்பிணியான தங்கையும் இருக்கிறாள். அப்பாவை அடிக்கடி போய்ப் பார்க்காமல் இருக்க மனம் வரவில்லை. எப்படிச் சமாளிப்பது? – வாசகர், ஈரோடு

பதில்: போய்ப் பாருங்கள். தடவையைக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் உருப்படியாக ஆக்குங்கள்.

முதலில் ஆள். அப்பாவைக் கவனிக்க ஒருவர் போதும். அது நீங்களாகவே இருக்கட்டும். தங்கை அந்த அறைக்குள் போகவே வேண்டாம். முடிந்தால் ஒரு வாரம் உறவினர் வீட்டில் இருக்கட்டும். கர்ப்பிணிகளுக்கு இன்ஃப்ளுயன்சா கடுமையாக வரக்கூடும். அப்பாவோடு ஏற்கெனவே நெருங்கி இருந்திருந்தால், காய்ச்சல் வரட்டும் என்று காத்திராமல் இன்றே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்ஃப்ளுயன்சா வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன்; இரண்டு நாளைத் தாண்டினால் பலன் குறையும்.

அடுத்தது காற்று. ஜன்னல் உள்ள படுக்கையறை அப்பாவுக்கு. கட்டிலை ஜன்னலோரம் போடுங்கள். ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வைத்து, முகம் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்புங்கள். அறைக் காற்று வெளியே தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்ப ஹாலிலிருந்து காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். காற்று உங்கள் பக்கமிருந்து அப்பா பக்கமாகப் போய் ஜன்னலைத் தாண்ட வேண்டும், அதுதான் குறி. இதைச் சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும்: கதவுக்கு வெளியே, இடுக்கருகே பிடியுங்கள். புகை அறைக்குள் போனால் சரி. ஹால் பக்கம் வந்தால் ஃபேன் வேகம் போதவில்லை, அல்லது ஜன்னலில் ஃபேனைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாகவே காற்று திரும்பி வருகிறது. அந்த இடைவெளியை அட்டையால் அடையுங்கள். சீலிங் ஃபேன் காற்றைக் கலக்குமே தவிர, வெளியேற்றாது. ஸ்ப்ளிட் ஏசியும் அப்படியே: உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தரும்.

பிறகு வேலைகளைச் சேர்த்துக் கட்டுங்கள். காலையில் காபி கொடுக்க ஒரு தடவை, டம்ளர் எடுக்க ஒரு தடவை, மாத்திரைக்கு, ‘எப்படி இருக்கு?’ என்று கேட்க என்று போனால் மதியத்துக்குள் பத்துத் தடவை ஆகிவிடும். காற்று வழித் தொற்றைப் பொறுத்தவரை ஒரு நிமிடம் வீதம் பத்து முறையும், ஒரே முறையில் பத்து நிமிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பத்து முறை போனால் பத்து முறை கதவு திறக்கிறது, கைப்பிடியில் கை படுகிறது, முகக்கவசம் ஏறி இறங்குகிறது. தவறு நடப்பது இந்த மாற்றங்களில்தான். ஏழாவது தடவை ‘ஒரு நிமிஷம்தானே’ என்று முகக்கவசம் இல்லாமல் நுழைந்துவிடுவோம். ஃபிளாஸ்க்கில் வெந்நீர், தண்ணீர் பாட்டில், அன்றைய மாத்திரைகள் வேளைவாரியாகப் பிரித்த டப்பா, மாற்றுத் துணி, மூடி போட்ட குப்பைக் கூடை ஆகியவற்றைக் காலையிலேயே கட்டிலருகே வையுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டோடு மூன்று தடவை போனால் போதும். நடுவில் பேச வேண்டுமா, கைபேசியில் வீடியோ அழைப்பு. அவசரத்துக்கு ஒரு மணியோ தட்டும் கரண்டியோ அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அப்பாவுக்கு மூச்சு வாங்கினாலோ, குழப்பமாகப் பேசினாலோ இந்த எண்ணிக்கையெல்லாம் கிடையாது. உடனே உள்ளே போய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

முகக்கவசம் என்95 ஆக இருக்கட்டும். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற வகை முகத்தோடு நன்றாகப் பொருந்தும். மூக்குக் கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்திவிட்டு, பலமாக மூச்சு விடுங்கள். கண்ணருகே காற்று பட்டால் பொருந்தவில்லை. தாடி இருந்தால் எந்த என்95ஆனாலும் ஓரத்தில் கசியும். கதவைத் திறக்கும் முன்பே போட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகே கழற்றுங்கள். ஊட்டிவிட வேண்டியிருந்தால் நேரெதிரே உட்காராமல் பக்கவாட்டில், கதவுப் பக்கமாக உட்காருங்கள்.

கழிப்பறை ஒன்றே என்பதால் அவர் போய்வந்ததும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். மணிக்கு ஆறு முறை காற்று மாறினால் அரை மணியில் 95 சதவீதம் வெளியேறும். மணிக்கு ஒரே ஒரு முறை மாறுகிற மூடிய அறையில் அதே அளவு வெளியேற மூன்று மணி நேரம் பிடிக்கும்.

பெரும்பாலான வீடுகளில் கட்டுப்பாடு உடைவது மூன்றாம் நாள். பாராசிட்டமால் வேலை செய்து உடம்புச் சூடு இறங்கியிருக்கும், அப்பா ஹாலுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் டிவி பார்ப்பார். பாராசிட்டமால் சூட்டைக் குறைக்கும், வைரஸைக் குறைக்காது. மூன்று நாள் காத்த நேரத்தையெல்லாம் அந்த இரண்டு மணி நேரம் அழித்துவிடும். டிவியை அவர் அறைக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஏசி ஸ்லீப்பர் பேருந்தில் போகிறோம். திரை இருக்கிறதே, போதாதா? – வாசகி, தாம்பரம்

பதில்: திரை பார்வையை மறைக்கும், காற்றை மறைக்காது.

நீண்ட பயணம் என்ன செய்யும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1977இல் அலாஸ்காவில் 54 பேரோடு ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் மூன்று மணி நேரம் தரையிலேயே நின்றது. காற்றோட்ட இயந்திரம் ஓடவில்லை. உள்ளே ஒருவருக்கு ஃப்ளூ. 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் படுத்துவிட்டார்கள். இறங்காமல் எவ்வளவு நேரம் உள்ளேயே இருந்தார்களோ அதற்கேற்ப நோயும் கூடியிருந்தது. இறங்கி நின்றவர்களுக்கு வாய்ப்புக் குறைவு.

நம் ஊர்ச் சான்றும் இருக்கிறது. தமிழ்நாடு, ஆந்திரம் இரண்டு மாநிலங்களிலும் கொரோனா நோயாளிகளின் தொடர்பாளர்கள் 5,75,071 பேரின் விவரங்களை அலசிய ஆய்வு 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. வீட்டுத் தொடர்பில் தொற்று விகிதம் 9 சதவீதம், ஊருக்குள் பொதுவான தொடர்பில் 2.6 சதவீதம். ஒரே வண்டியில் நோயாளிக்கு மிக அருகில் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ பயணித்தவர்களில் 79 சதவீதம்! இந்தக் கடைசிப் பிரிவில் இருந்தவர்கள் 78 பேர்தான் என்பதால் அந்த எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். திசை மட்டும் தெளிவு.

பகலில், ஜன்னல் திறந்த பேருந்தோ ரயிலோ கிடைத்தால் அதுவே மேல். ஏசிதான் என்றால் என்95 போட்டுக்கொண்டு தூங்குங்கள். தலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரத்தைத் திறந்து வையுங்கள். சாப்பாட்டுக்கு நிற்கும்போது வண்டிக்குள் டப்பாவைத் திறக்காமல் இறங்கி, வெளியில் நின்று சாப்பிடுங்கள். வாடகைக் கார் என்றால் ஏசிப் பலகையில், காருக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்ட பொத்தான் இருக்கும். அது எரிந்தால் உள்காற்றே சுற்றுகிறது என்று பொருள். அணைத்துவிடச் சொல்லுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கண்ணாடிகளை நான்கு விரற்கடை இறக்கினால் இன்னும் நல்லது.

கேள்வி: மெட்ராஸ் ஐ வந்தவர் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா? – மாணவி, செங்கல்பட்டு

பதில்: பார்த்தால் ஒட்டாது. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் ஒட்டாது. 1918இல் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் இது. பெரும்பாலும் அடினோ வகை வைரஸ்தான் காரணம். வழி காற்று அல்ல, கை.

இங்கே நிமிடக் கணக்கு பின்னுக்குப் போய், எத்தனை முறை என்பது முன்னுக்கு வருகிறது. கண்ணைத் துடைத்த கை பேனாவில் படுகிறது, அந்தப் பேனா உங்கள் கைக்கு வருகிறது, உங்கள் கை உங்கள் கண்ணுக்குப் போகிறது. சிட்னியில் மருத்துவ மாணவர்கள் 26 பேரை வகுப்பில் படம் பிடித்து எண்ணிப் பார்த்தார்கள்: மணிக்குச் சராசரியாக 23 முறை முகத்தைத் தொட்டார்கள். அதில் 44 சதவீதம் கண், மூக்கு, வாயின் ஈரப் பகுதியில். கை கழுவச் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களே அப்படி!

அடினோ வைரஸ் உலர்ந்த பரப்பிலும் பல நாள் தாங்கும். சானிடைசர் திரவத்தைவிடச் சோப்பும் ஓடும் நீரும் நம்பகமானவை, 20 வினாடி தேய்க்க வேண்டும். துண்டு, தலையணை உறை, மை, கண்ணாடி தனித்தனியே. ஒரே சொட்டு மருந்துப் புட்டியை வீட்டில் எல்லோருக்கும் விடுவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் தவறு; புட்டி நுனி இமையில் பட்டால் அதுவே நோயை அடுத்தவர் கண்ணுக்குக் கொண்டுபோகும். கருப்புக் கண்ணாடி கூச்சத்துக்கு நல்லது. அதைப் போட்டால் மற்றவருக்குப் பரவாது என்பது தவறு. கண்ணுக்கு அடிக்கடி கை போகாமல் தடுக்கிற அளவுக்கு உதவும்.

கேள்வி: எச்.ஐ.வி. உள்ள சகோதரருடன் ஒரே அறையில் பத்து வருடமாகத் தங்கியிருக்கிறேன். இத்தனை வருடச் சேர்க்கையில் எனக்கு வந்திருக்குமா? – பெயர், ஊர் வேண்டாம்

பதில்: கூட இருந்ததால் வந்திருக்காது. ஒன்றாகச் சாப்பிட்டது, ஒரே கழிப்பறை, கட்டிப்பிடித்தது, அவர் துணியைத் துவைத்தது எதிலும் வழி இல்லை. பூஜ்யத்தைப் பத்து வருடத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். நேரத்தை எண்ணும் முன் வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து குழந்தைக்கு, இவைதான் அதற்கு வழி. அவருடைய சவரக் கத்தியை மட்டும் பகிர வேண்டாம்.

வழி திறந்துவிட்டால் கணம்கூடப் போதும் என்பதும் உண்மை. நோயாளிக்குக் குத்திய ஊசி சுகாதாரப் பணியாளர் விரலில் ஏறினால், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி என்றால் 30 சதவீதம் வரை போகும். நேரம் ஒன்றே, வைரஸின் அளவுதான் வேறு. அப்படிக் குத்தினால் சோப்பு நீரில் கழுவி, எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் தட்டம்மை. பத்து மாதக் குழந்தையோடு அங்கே ஐந்து நிமிடம் போய்விட்டு வந்தேன். அம்மை போட்ட பையன் அப்போது வீட்டில்கூட இல்லை. சற்று முன்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தான். – வாசகி, தேனி

பதில்: இதைத் தொடர்பாகவே கணக்கில் எடுங்கள். தட்டம்மை வைரஸ் நோயாளி போன பிறகும் அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை நிற்கும். தடுப்பாற்றல் இல்லாதவர் நெருங்கிப் பழகினால் பத்தில் ஒன்பது பேருக்கு வந்துவிடும். 15 நிமிடக் கணக்கு இந்த நோயிடம் செல்லாது.

குழந்தைக்கு 9ஆம் மாதத்துக்கான எம்.ஆர். (தட்டம்மை-ருபெல்லா) தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். போடவில்லை என்றால் நீங்கள் போய்வந்த நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அந்த அவகாசத்துக்குள் போட்டால் நோயைத் தடுக்கவோ மட்டுப்படுத்தவோ முடியும். ‘அம்மன் வந்திருக்கிறாள்’ என்று உறவினர்கள் பார்க்க வருவதை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிலிருந்து, தோன்றி நான்கு நாள் வரை பையனிடமிருந்து பரவும். வேப்பிலை கட்டுவது அவர்கள் நம்பிக்கை. அதைப் பார்த்ததும் வெளியாள் வாசலோடு நின்றுவிட்டால் நல்லதுதான்.

கேள்வி: டியூஷன் நடத்துகிறேன். ஏசி அறை, 30 பிள்ளைகள், இரண்டு மணி நேரம். ஒருவருக்குச் சளி வந்தால் வாரத்தில் பாதிப் பேர் வருவதில்லை. – வாசகர், சேலம்

பதில்: அறைக்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கி வையுங்கள். வெளிக்காற்றில் அது சுமார் 420 காட்டும் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று பொருள்). நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 40,000. அறைக்குள் மீட்டர் 2,000 காட்டினால், உள்ளிழுக்கும் காற்றில் சுமார் 4 சதவீதம் அடுத்தவர் நுரையீரலுக்குள் போய்வந்த காற்று. அதாவது இருபத்தைந்தில் ஒரு மூச்சு இன்னொருவருடையது. 800க்குள் வைத்திருந்தால் அது நூற்றில் ஒன்றாகும். நேரத்தைக் குறைக்க முடியாத இடத்தில் காற்றை மாற்றுவது நேரத்தைக் குறைத்ததற்கே சமம்: புதுக்காற்றை இரட்டிப்பாக்கினால் இரண்டு மணி வகுப்பு, தொற்றுக் கணக்கில் ஒரு மணி வகுப்பாகும்.

எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டை ஏசி ஓடும்போதே ஒரு சாண் திறந்து வையுங்கள். 45 நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை வெளியே அனுப்பி, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். கரண்ட் பில் ஏறும். பாதி வகுப்பு வராமல் போவதைவிட அது மலிவு. எல்லோரும் சேர்ந்து சத்தமாக ஒப்பிப்பதை மாடியிலோ முற்றத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 10 அன்று வாஷிங்டன் மாநிலத்தில் 61 பேர் இரண்டரை மணி நேரம் கூடிப் பாடிப் பயிற்சி செய்தார்கள். ஒருவருக்கு இருந்த சளி கொரோனா. 53 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தார்கள். உரக்கப் பாடும்போது வாயிலிருந்து வரும் நுண்துளிகள் பேசுவதைவிடப் பல மடங்கு.

கேள்வி: எல்லைக்கு அந்தப் பக்கம் நிபா என்று செய்தி வந்தாலே இங்கே பேருந்து ஏறப் பயமாக இருக்கிறது. – வாசகர், கூடலூர்

பதில்: பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்ததால் நிபா வருவது அரிது. வங்கதேசத்தில் 2001 முதல் 2014 வரை 248 நோயாளிகளை ஆராய்ந்தபோது, மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது 82 பேருக்கு. நோயாளி மூச்சுத் திணறலில் இருந்தது, அவருடைய எச்சில், சளி போன்றவை மேலே பட்டது, இரண்டு நாளுக்கும் மேலாகக் கூடவே இருந்தது ஆகியவைதான் ஆபத்தைக் கூட்டின. ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

ஆனால் 2018இல் கோழிக்கோட்டில், கடுமையாக இருமிய நோயாளி ஸ்கேனுக்காகக் காத்திருந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் இருந்த பலருக்குத் தொற்றியது. வெளியேறும் வைரஸ் மிக அதிகமாக இருந்தால் குறைந்த நேரமும் போதும் என்பதற்கு அது சாட்சி. ஆகவே உங்கள் பயத்தைப் பேருந்திலிருந்து எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகும் கூட்டத்தின்மேல் வையுங்கள். கூட ஒருவர் தங்கினால் போதும்; முகக்கவசம், கையுறையோடு.

கேள்வி: எனக்குக் கொரோனா வந்து இன்று ஆறாம் நாள். காய்ச்சல் இல்லை. பேரனை எப்போது தூக்கலாம்? – வாசகி, காரைக்குடி

பதில்: தைவானில் 2020இல் 100 நோயாளிகளின் தொடர்பாளர்களைப் பின்தொடர்ந்தார்கள். அறிகுறி தோன்றி ஐந்து நாள் கழித்து முதல்முறை சந்தித்தவர்கள் 852 பேர், ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆரம்ப ஐந்து நாளுக்குள் பழகியவர்களில்தான் தொற்று. இதற்குப் பிறகு வந்த வகைகளில் சிலர் எட்டு, பத்து நாள் வரை வைரஸைக் கக்குவது தெரிந்திருக்கிறது என்பதால், மாத்திரை இல்லாமலேயே 24 மணி நேரம் சூடு இல்லை, இருமலும் அடங்கிவருகிறது என்றால் இன்று மாடியிலோ திண்ணையிலோ, முகக்கவசத்தோடு, பத்து நிமிடம் தூக்குங்கள். முத்தமும் ஒரே தட்டில் ஊட்டுவதும் பத்தாம் நாளுக்குப் பிறகு. இரவு அவனைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வதையும் அதுவரை தள்ளிப்போடுங்கள். எட்டு மணி நேரத் தூக்கம்தான் அந்த வீட்டிலேயே மிக நீண்ட சந்திப்பு.